கூரைமேல் சூரிய மின்சாரம்: யாருக்கு ஆதாயம்?

குஜிலியம்பாறைப் பிரதேசத்தில் மழைக்குப் பஞ்சம் உண்டு. வெயிலுக்குப் பஞ்சம் உண்டென்று எவரும் சொன்னதில்லை. திண்டுக்கல்லிலிருந்து எரியோடு, கோவிலூர் மார்க்கமாகக் கரூர் செல்லும் சாலையின் இரு மருங்கிலும் சோளமும் நிலக்கடலையும் முருங்கையும் பயிராகும் புஞ்சைக் காடுகளே பெரும்பாலும் காணப்படும். களத்துத் தானியத்தைக் காய வைப்பதும், கிணற்று நீரை வற்றச் செய்வதுமாகிய இரண்டு வேலைகளே வெயிலினால் ஆகின்றன என்று இதுகாறும் குடியானவர்கள் எண்ணியிருந்தார்கள். இப்பொழுது அதே வெயிலைக் கொண்டு வீட்டுக்கு மின்சாரம் உண்டாக்கலாம் என்பது எங்கும் பேச்சாகிவிட்டது. தளம் போட்ட வீடுகளின்மேல் கருநீலத் தகடுகள் ஒன்றிரண்டாகத் தோன்றி வருகின்றன. விற்பனை ஏஜெண்டுகளும் ஊர் ஊராக வருகின்றனர்.

அவர்கள் கூறுவதன் சாரம் யாதெனில், மூன்று கிலோவாட் தகடு போட்டால் மத்திய சர்க்கார் ரூ. 78,000 மானியம் தருகிறது, மின்சாரக் கட்டணம் பூஜ்யமாகிவிடும், இருபத்தைந்து வருஷத்துக்குக் கவலையில்லை என்பதாம். இவற்றுள் மானியத்தைப் பற்றிய செய்தி மெய்யானது. கட்டணம் பூஜ்யமாகும் என்பதும் பொய்யன்று. ஆனால் பூஜ்யமாக்குவதற்கு ஆகும் செலவு, அதனால் மிச்சமாகும் பணத்தைவிட அதிகமா குறைவா என்பதை ஏஜெண்டு கணக்கிட்டுக் காட்டுவதில்லை. காட்ட வேண்டிய அவசியமும் அவருக்கில்லை. அக்கணக்கைக் குடியானவரே போட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், இச்சாதனம் சில வீடுகளுக்கு மிகுந்த ஆதாயமுள்ளது என்பதும், பல வீடுகளுக்குக் கடன் வாங்கிச் செய்யத் தகுந்ததன்று என்பதும் விளங்கும். எது எந்த வீடு என்பதைத் தீர்மானிப்பது கூரையன்று. மின்சாரக் கட்டண ரசீதே.

முதலில் தகட்டின் உற்பத்தியைக் கவனிப்போம். ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் சிலிக்கன் தகடு 1954-ம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிசாலையில் முதன்முதல் உருவாகியது. அன்று அதன்மேல் விழுந்த ஒளிச் சக்தியில் நூற்றுக்கு ஆறு பங்கே மின்சாரமாகியது. இன்று கடையில் கிடைக்கும் தகடுகளில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஆகிறது. ஒரு கிலோவாட் தகட்டுக்கு உத்தேசமாக 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் அது வருஷச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் கொடுக்கும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் எனக் கொள்ளலாம். பகலில் வீட்டுச் செலவு போக மிஞ்சியது மின்வாரியக் கம்பிக்குச் சென்று நிகர மீட்டரில் வரவாகும். இரவில் வீடு அங்கிருந்து எடுத்துக்கொள்வது பற்றாகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கே கட்டணம். ஆகவே இம்முறையில் மின்வாரியக் கம்பியே குடியானவரின் குதிர்போல் நின்று, பகலில் போட்டதை இரவில் எடுக்க இடங்கொடுக்கிறது. வரவாவது யூனிட்டே அன்றி ரூபாயன்று. இதைக்கொண்டு மின்சாரம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று நம்பித் தேவைக்கு மேல் தகடு போடுவது தவறு.

மானியத்தின் விவரம் பின்வருமாறு. 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஆரம்பித்த பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தின்படி ஒரு கிலோவாட்டுக்கு ரூ. 30,000, இரண்டு கிலோவாட்டுக்கு ரூ. 60,000, மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் ரூ. 78,000 கிடைக்கும். ஒரு கோடி வீடுகளை உத்தேசித்த இத்திட்டத்துக்கு 2026-27 வரை காலம் வகுக்கப்பட்டது. இந்தியாவில் செய்த தகடுகளுக்கே மானியம் உண்டு. முழுக் கிரயத்தையும் முதலில் கொடுத்து, வேலை முடிந்து மீட்டர் மாற்றிய பின்பே மானியம் பாங்கிக் கணக்கில் சேரும். இந்த இடைக்காலத்துக்கு வேண்டிய முழுப் பணமும் கையிலிருக்க வேண்டும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சந்தையில் விலை தகட்டின் தரத்துக்கும் கூரையின் அமைப்புக்கும் ஏற்ப வேறுபடும். கணக்குக்காக ஒரு கிலோவாட் ரூ. 65,000, இரண்டு ரூ. 1,30,000, மூன்று ரூ. 1,90,000 என்று வைத்துக்கொண்டால், மானியம் போகக் குடியானவரின் சொந்தச் செலவு முறையே ரூ. 35,000, ரூ. 70,000, ரூ. 1,12,000 ஆகும்.

இனிக் கட்டணத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரக் கட்டணம் வேறு பல மாநிலங்களில் உள்ளதைப் போன்றதன்று. 2016 முதல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த விகிதப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்கு உட்பட்ட வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.35, 201 முதல் 400 வரை ரூ. 4.80, 401 முதல் 500 வரை ரூ. 6.45. ஐந்நூறைத் தாண்டிய வீட்டுக்கு அந்த ரூ. 2.35 என்னும் சலுகை கிடையாது. 101 முதலே ரூ. 4.80 ஆகும். 501 முதல் 600 வரை ரூ. 8.55, அதன்மேல் 800 வரை ரூ. 9.65. இதன் பலனாக, 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு ரூ. 1,840 கட்டணமானால், 501 யூனிட் செலவழித்த வீட்டுக்கு ரூ. 2,093 ஆகிறது. ஒரே ஒரு யூனிட்டுக்கு ரூ. 253! இது எத்தனை வீட்டாருக்குத் தெரியும் என்பது சந்தேகமே. விகிதம் மாறினால் பின்வரும் தொகைகளும் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

சிறு குடித்தனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு விளக்கு, இரண்டு மின்விசிறி, தொலைக்காட்சி, சிறிய குளிர்ப்பெட்டி, மிக்ஸி. இரு மாதத்துக்கு 200 யூனிட். கட்டணம் ரூ. 235, வருஷம் முழுவதற்கும் ரூ. 1,410. இவ்வீட்டார் ஒரு கிலோவாட் தகடு போட்டால் கட்டணம் பூஜ்யமாகும் என்பது வாஸ்தவம். ஆனால் ரூ. 35,000 முதலுக்கு வருஷத்தில் திரும்புவது ரூ. 1,410. முதல் திரும்ப ஏறக்குறைய இருபத்தைந்து வருஷமாகும். தகட்டுக்கு உத்தரவாதம் சொல்லும் காலமும் அதுவே! இடையில் இன்வர்ட்டரை ஒரு முறையேனும் மாற்றாமல் தீராது. கடன் வாங்கிப் போட்டாலோ, நூற்றுக்கு ஏழு வட்டி என்று வைத்தாலும் முதல் வருஷ வட்டியே ரூ. 2,450 ஆகும். மிச்சமாகும் கட்டணம் வட்டிக்கே போதாது. இத்தகைய வீட்டாரிடம் "இலவச மின்சாரம்" என்று சொல்லி நகையை அடகு வைக்கச் செய்வது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது. அவர்களுக்கு வேண்டிய இலவச மின்சாரம் ஏற்கெனவே வீட்டுக்கு வந்து கொண்டிருக்கிறது.

கட்டண விகிதம் வருங்காலத்தில் உயருமே, அப்போது ஆதாயம் வராதா என்று கேட்கலாம். 2022-ல் உயர்ந்தது; 2024-லும் உயர்ந்தது; இனியும் உயரலாம். ஆனால் அந்த ரூ. 2.35 இரட்டிப்பாயினும் மேற்படி வீட்டுக்கு வருஷ மிச்சம் ரூ. 2,820-க்கு மேற்போகாது. முதல் திரும்பப் பன்னிரண்டு வருஷமாகும்.

நடுத்தரக் குடித்தனத்துக்கு 400 யூனிட் என்று வைப்போம். கட்டணம் ரூ. 1,195. ஒரு கிலோவாட் போட்டால் 240 யூனிட் கழிந்து 160 நிற்கும், அதற்கு ரூ. 141. இரு மாதத்துக்கு ரூ. 1,054 வீதம் வருஷத்தில் ரூ. 6,324 மிச்சம். ஐந்தரை வருஷத்தில் முதல் திரும்பும். கையிருப்புப் பணம் உள்ளவர்களுக்கு இது தகுந்த காரியமே. ஆனால் அதே வீட்டார் இரண்டாவது கிலோவாட்டும் போட்டால் அதனால் மிச்சமாவது அந்த எஞ்சிய ரூ. 141 மாத்திரமே, வருஷத்துக்கு ரூ. 846. அதற்காக மேலும் ரூ. 35,000 செலவு.

பெரிய குடித்தனம், அஃதாவது குளிர்சாதன இயந்திரம், குளிர்ப்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வீட்டுத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் எல்லாம் உள்ள வீடு, இரு மாதத்தில் 700 யூனிட் செலவழிக்கும். கட்டணம் ரூ. 3,905. இரண்டு கிலோவாட்டினால் 480 யூனிட் கழிந்து 220 நிற்க, கட்டணம் ரூ. 331 ஆகும். மிச்சம் இரு மாதத்துக்கு ரூ. 3,574, வருஷம் முழுதும் இதே செலவு இருக்குமாயின் ரூ. 21,444. ரூ. 70,000 முதல் மூன்றரை வருஷத்துக்குள் திரும்பிவிடும். இவ்வளவு சீக்கிரம் முதல் திரும்பும் காரியம் விவசாயத்தில் அபூர்வம். இத்தகைய வீட்டார் தாமதிப்பதற்கு நியாயமில்லை. இருப்பினும் மூன்றாவது கிலோவாட் இவர்களுக்கும் வேண்டுவதில்லை. அதற்கு மானியம் ரூ. 18,000 மாத்திரமே, கைச்செலவு ரூ. 42,000, அதனால் மிச்சமாவது அந்த ரூ. 331 வீதம் வருஷத்துக்கு ரூ. 1,986. இருபத்தொரு வருஷத்துக் கணக்கு.

இம்மூன்று கணக்குகளிலும் ஒரே உண்மை வெளியாகிறது. மேல்வரிசை யூனிட்டுகளே விலையுள்ளவை. கீழ்வரிசை யூனிட்டுகள் மலிவானவை அல்லது இலவசமானவை. தகடு முதலில் கழிப்பது விலையுள்ள மேல்வரிசையை. ஆதலால் முதல் கிலோவாட்டின் பலன் அதிகம். அடுத்ததன் பலன் குறைவு. கட்டணத்தைப் பூஜ்யமாக்கும் கடைசிக் கிலோவாட்டின் பலன் மிக அற்பம். எல்லோரும் பூஜ்யத்தையே கேட்கின்றனர். ஏஜெண்டும் பூஜ்யத்தையே விற்கிறார். தமிழ்நாட்டுக் கட்டண முறையில் கட்டணத்தை 200 யூனிட் அளவுக்குக் கொண்டுவந்து அங்கே நிறுத்திக்கொள்வதுதான் லாபகரமானது. இவ்விஷயத்தில் வடநாட்டுக் கணக்கை அப்படியே எடுத்து இங்கே சொல்வது பொருந்தாது.

தகட்டை நினைப்பதற்கு முன்னே வீட்டிலுள்ள விசிறியை நினைப்பது நலம். பழைய மாதிரி விசிறி 75 வாட் இழுக்கும். இப்பொழுது வரும் காந்த மோட்டார் விசிறிக்கு 30 வாட் போதும், காற்றில் குறைவில்லை. மூன்று விசிறிகள் தினம் பன்னிரண்டு மணி நேரம் சுற்றினால் இரு மாதத்தில் 162 யூனிட்; புது விசிறிகளானால் 65 யூனிட். மிச்சம் 97. கோடையில் 540 யூனிட் செலவழித்து ரூ. 2,427 கட்டும் வீட்டார் இதை மாத்திரம் செய்தால் 443 யூனிட்டுக்கு இறங்கி ரூ. 1,472 கட்டுவார்கள். ஐந்நூறு என்னும் வரம்பைத் தாண்டாமலிருப்பதன் பலன் அது. விசிறி ஒன்றுக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் முடியும் காரியம். மானியத்துக்கு மனுப்போட வேண்டியதில்லை. இதில் தரகு இல்லையாதலால் வீடு தேடி வந்து இதைச் சொல்வோரும் இல்லை.

மற்றொரு தவறான எண்ணத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். கூரைமேல் தகடு இருந்தால் மின்தடை நேரத்திலும் வீட்டில் விளக்கு எரியும் என்று ஏறத்தாழ எல்லோரும் நம்புகின்றனர். எரியாது. மின்வாரியக் கம்பியோடு இணைந்த இன்வர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. உச்சி வெயில் கொளுத்தும்போதும் கம்பியில் மின்சாரம் இல்லையேல் வீட்டிலும் இல்லை. தடைக்காலத்திலும் வேண்டுமாயின் பேட்டரி வைத்த வேறு வகை அமைப்பு வேண்டும். அதன் விலையும் வேறு. வேலை முடிந்து முதல் மின்தடையின்போது இதைத் தெரிந்துகொண்டு மனம் வருந்துவதைவிட, முன்பணம் கொடுக்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது நன்று.

பேட்டரியைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு முன் அனுபவம் உண்டு. 2011-12-ல் ஆரம்பித்த முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டத்தில் கிராமத்து ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடு கட்டித் தரப்பட்டது. வீட்டுக்கு ரூ. 1,80,000 ஒதுக்கி, அதில் ரூ. 30,000 சூரிய விளக்குகளுக்கென்றே வைக்கப்பட்டது. வருஷத்துக்கு 60,000 வீடு வீதம் ஐந்து வருஷத்தில் மூன்று லட்சம் வீடுகள் என்பது திட்டம். வீடொன்றுக்கு ஐந்து விளக்குகள். நோக்கம் உயர்ந்தது, கூரை இல்லாதவனுக்குக் கூரையோடு விளக்கும் கொடுத்தது சாமானியமன்று. ஆயினும் இவ்வகை அமைப்பில் தகடு இருபது வருஷம் உழைத்தாலும் ஈய பேட்டரி நாலைந்து வருஷத்துக்கு மேல் உழைப்பது கடினம். வடிநீர் ஊற்றாமல் விட்டால் அதுவும் உழைக்காது. பேட்டரி ஓய்ந்தால் தகடு இருந்தும் இரவில் விளக்கில்லை. புதிய பேட்டரிக்குப் பணம் யார் கொடுப்பது என்னும் கேள்விக்கு முதல் நாளிலேயே விடை வேண்டும். சொந்தப் பணத்தில் பேட்டரி வைக்க நினைக்கும் குடியானவரும் இதே கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இப்பொழுது வரும் லித்தியம் வகைப் பேட்டரி நெடுநாள் உழைப்பது மெய். முதலும் அதற்கேற்ப அதிகம்.

கிணற்று மோட்டாருக்கும் வீட்டுக் கூரைக்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1932-ல் பைக்காரா மின்சாரமும் 1937-ல் மேட்டூர் மின்சாரமும் வந்த பிற்பாடே இத்தென்னாட்டுக் கிணறுகளில் கவலை மாடுகளுக்கு ஓய்வு கிடைக்கத் தொடங்கியது. அந்நாளில் மாட்டுத் தீனிச் செலவையும் மின்கட்டணத்தையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டே மோட்டார் வைத்தார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமாகியது. கணக்குப் போடும் பழக்கமும் அத்துடன் போயிற்று எனலாம். இலவச இணைப்புள்ள கிணற்றுக்கு வீட்டுக் கூரைத் தகட்டால் மிச்சமாவது ஒன்றுமில்லை. இலவச இணைப்புக்கு மனுச் செய்து வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களின் விஷயம் வேறு. வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியத்தில் கிடைக்கும் சூரிய பம்பு செட்டு அவர்களுக்கு உரியது. அது பகலில் மாத்திரம் ஓடும் என்பதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. இராக்காலத்தில் பாம்பு பயத்தோடு மடை திருப்பியவர்கள் அதைக் குறையென்று சொல்லமாட்டார்கள்.

தோட்டத்துச் சாளையில் குடியிருந்து, கம்பி வந்து சேராத குடித்தனங்களுக்கும் கணக்கு வேறு. இரண்டு தகடும் ஒரு பேட்டரியும் கொண்டு நான்கு விளக்கு, ஒரு விசிறி, கைப்பேசி இவற்றை நடத்தலாம். கட்டணத்தை மிச்சப்படுத்துவது அங்கே கேள்வியன்று. இருட்டில் இருப்பதா வெளிச்சத்தில் இருப்பதா என்பதே கேள்வி. பள்ளிக்கூடம் போகும் குழந்தை உள்ள வீட்டில் அதற்கு ரூபாய்க் கணக்குப் பார்ப்பது சரியன்று.

போட்டபின் கவனிப்பு என்ன? தகட்டில் ஓடும் பாகம் ஏதுமில்லையாதலால் தேய்மானம் கொஞ்சமே. ஆனால் புழுதி படிந்தால் உற்பத்தி குறையும். செம்மண் புழுதியும், கரிக்காலிப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளின் தூசும் மழையில்லாத மாதங்களில் கனமாகப் படியும். பத்துப் பதினைந்து நாளுக்கொரு முறை கழுவ வேண்டும். இதில் ஒரு ஜாக்கிரதை தேவை. இப்பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பும் கடினமும் உள்ளது. அதை ஊற்றி வெயிலில் காயவிட்டால் கண்ணாடிமேல் வெண்ணிறப் படலம் ஏறிவிடும். பின் அது தேய்த்தாலும் போகாது. மழைநீரைப் பிடித்து வைத்து விடியற்காலையில் கழுவி, ஈரத்தைத் துணியால் துடைத்துவிடுவது உத்தமம். உச்சி வேளையில் காய்ந்த கண்ணாடிமேல் தண்ணீர் ஊற்றுவது விரிசலுக்கு இடமாகும். தென்னை, வேம்பு முதலியவற்றின் நிழல் ஒரு தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் அதனுடன் கோத்த மற்றத் தகடுகளின் உற்பத்தியும் தாழும். தகட்டுக்காக மரத்தை வெட்டுவதைவிட, வேறு இடம் பார்ப்பதே மேல். வேம்பின் நிழல் கொடுக்கும் குளிர்ச்சியால் எத்தனை யூனிட் மிச்சம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமல்லவா? தகடு தெற்கு நோக்கிப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்ந்திருந்தால் போதுமானது. ஆடிக் காற்றைத் தாங்கும்படி இரும்புச் சட்டத்தைத் தளத்தோடு சரியாகப் பிணைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஓட்டு வீட்டின்மேலும் பழைய சிமெண்டுத் தகட்டுக் கூரையின்மேலும் ஏற்றுவது உசிதமன்று. இடிதாங்கியும் தரைக் கம்பியும் இல்லாத வேலைக்குப் பணம் கொடுக்கலாகாது. மானியத் திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனத்தார் ஐந்து வருஷப் பராமரிப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். பழுது பார்க்க எந்த ஊரிலிருந்து எத்தனை நாளில் ஆள் வரும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். திண்டுக்கல்லிலோ கரூரிலோ ஆள் இருந்தால் சரி. சென்னையிலிருந்து வர வேண்டுமாயின் வந்தபோதுதான் வருவார்.

இவ்வளவும் சொன்னால், கரி எரிப்பது குறைகிறதே, தேசத்துக்கு அது நன்மையன்றோ என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். நன்மைதான். ஒவ்வொரு கூரையும் பகலில் உண்டாக்கும் மின்சாரம் அனல் நிலையத்தில் அவ்வளவு கரியை மிச்சப்படுத்துகிறது. ஆனால் தேசத்துக்கு நன்மை என்பதற்காக, மாதம் ரூ. 118 கட்டணம் கட்டும் வீட்டார்மீது ரூ. 35,000 சுமையை ஏற்றுவது முறையாகாது. அத்தகைய குடும்பத்திடம் ரூ. 35,000 இருக்குமாயின், அதைச் சொட்டு நீர்க் குழாய்க்கோ, கறவை மாட்டுக்கோ, கிணற்றில் தூர் எடுப்பதற்கோ செலவிட்டால் வரும் ஆதாயம் அதிகமாயிருக்கும். தேசத்தின் பொருட்டு முதலில் தகடு ஏற வேண்டிய கூரைகள் ஏற்கெனவே 500 யூனிட்டைத் தாண்டிய வீடுகளின் கூரைகள். குஜிலியம்பாறையிலும் பாளையத்திலும் அவ்வகை வீடுகள் இல்லாமலில்லை. அவற்றுள் பல இன்னும் வெறும் தளமாகவே இருக்க, சின்ன வீட்டுக்காரரிடம் விண்ணப்பம் வாங்கப்படுவது தலைகீழான காரியம்.

இவ்விடத்தில்தான் கிராம அதிகாரிகளின் பொறுப்பு வருகிறது. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் சொல்லும் சொல்லுக்கு ஊரில் மதிப்புண்டு. இத்தனை விண்ணப்பம் சேர்த்தோம் என்னும் எண்ணிக்கை மேலே கணக்குக் காட்ட உதவலாம். ஐந்து வருஷம் கழித்துக் கடன் தவணை கட்ட முடியாதவர் வந்து நிற்பதும் அதே அலுவலகத்தின் வாசலில்தான். விண்ணப்பம் வாங்குமுன் அவ்வீட்டின் ரசீதைக் கேட்டுப் பார்த்து, 300 யூனிட்டுக்குக் கீழ்ப்பட்டவருக்கு அவசரமில்லை என்று சொல்லி அனுப்புவது தகும். கிராம சபைக் கூட்டத்தில் மேற்கண்ட மூன்று கணக்குகளையும் பலகையில் எழுதிக் காட்டினால் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஊராட்சிக்குச் சொந்தமான கட்டடங்களையும் மறக்கலாகாது. அலுவலகம், பள்ளிக்கூடம், குடிநீர் மோட்டார் ஆகியவை பகலில் மின்சாரம் செலவழிப்பவை. வீடுகளுக்குள்ள இலவச யூனிட் அவற்றுக்கு இல்லை. மேற்சொன்ன மானியம் வீடுகளுக்கு மாத்திரம் உரியதாயினும், மானியமின்றியே இக்கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தகடு போட நிச்சயித்தவர்கள் கடந்த ஒரு வருஷத்து ஆறு ரசீதுகளையும் எடுத்து, யூனிட்டைக் கூட்டி ஆறால் வகுத்துக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசி மாத ரசீதை மாத்திரம் பார்த்து அளவு நிச்சயித்தால் தகடு பெரிதாகிவிடும். மார்கழி ரசீதைப் பார்த்தால் சிறிதாகிவிடும். வந்த சராசரியிலிருந்து 200-ஐக் கழித்து மிச்சத்தை 240-ஆல் வகுத்தால் வரும் எண்ணே போட வேண்டிய கிலோவாட். அரைக்குக் கீழாக வந்தால் அவ்வருஷம் விசிறியை மாற்றிவிட்டு, அடுத்த வருஷ ரசீதுகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகமூட்டத்தால் உற்பத்தி குறையுமாதலால், தை மாதத்தில் வேலையைத் தொடங்கி மாசிக்குள் நிகர மீட்டர் பொருத்தப்படுமாறு பார்த்துக்கொண்டால் கோடை ரசீதிலேயே பலன் தெரியவரும்.